கவ்வாத்துக் கத்தியும் 105ஆம் பிரிவும்

எங்கள் ராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தி இல்லாத லயத்து வீட்டைக் காண்பது அரிது. தேயிலைச் செடியை மட்டம் வெட்டுவதற்கென்றே தீட்டி வைக்கப்படும் கத்தி அது. வேலை முடிந்து வந்ததும் கதவுக்குப் பின்னாலோ, சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்திலோ செருகிவிடுவார்கள். கடைத்தெருவில் இருக்கும் எங்கள் வீடுகளில் அதன் இடத்தை இறைச்சிக் கத்தி பிடித்துக்கொள்ளும். நடுச்சாமத்தில் ஒருவன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் கைக்கு எட்டுகிற பொருள் இதுதான். பிறகு நீதிமன்றத்தில் இலக்கமிட்டு, மரணம் விளைவிக்கக்கூடிய ஆயுதம் என்ற பெயரில் மேசைமேல் வைக்கப்படுவதும் இதுதான்.

பதினோராம் தரத்துக்குக் குடியுரிமைக் கல்வி நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான். "சேர், அவன் வெட்ட வந்தான், நான் முந்திக்கிட்டேன். முந்தாட்டி நான் செத்திருப்பேன்னு எப்படி சேர் காட்டுறது? பார்த்தது நானும் அவனும் மட்டுந்தானே. அவனும் செத்துட்டானே." வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடநூலில் அதற்கு விடை இல்லை. சட்டம் படிக்காதவனாகிய நான் சட்டநூல்களைப் புரட்டத் தொடங்கியது அந்தக் கேள்வியால்தான். தற்காப்பு என்பது இயற்கை மனிதனுக்குக் கொடுத்த உரிமை, அதைச் சட்டம் தடுக்கிறது என்று பொதுவாகப் பேசுவோம். தேடிப் பார்த்தபோது நான் கண்டது வேறு. சட்டம் உரிமையைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தினேன் என்று மெய்ப்பிக்கும் சுமையை யார் தலையில் வைத்திருக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தனியார் தற்காப்புரிமை பற்றியவை. தற்காப்புரிமையைப் பயன்படுத்திச் செய்யப்படும் எதுவும் குற்றமாகாது என்ற அடிப்படையில் அவை தொடங்குகின்றன. தன்னுடைய உடலை மட்டுமல்ல, பிறருடைய உடலையும் காக்கலாம். உயிர்ப்பயம், கொடுங்காயப் பயம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் போன்ற நிலைகளில் தாக்க வந்தவனைக் கொல்லும் அளவுக்கு அந்த உரிமை நீளும் என்று 93ஆம் பிரிவு சொல்கிறது. 96ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொள்ளை, இரவில் வீடுடைத்தல், மனிதர் வசிக்கும் அல்லது பொருட்கள் வைக்கப்படும் கட்டடத்துக்குத் தீவைத்தல் ஆகியவற்றைத் தடுக்கவும் மரணம் விளைவிக்கலாம். இதை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நமது கடைத்தெருக்கள் எரிந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதற்குப் பின்னர் வருகிறேன்.

எல்லைகளும் உண்டு. பொது அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. இவ்விரண்டையும் 92ஆம் பிரிவு வைக்கிறது. நல்லெண்ணத்தோடு எல்லை மீறிக் கொன்றவனுக்கு அது கொலைக்குற்றம் ஆகாது; ஆனால் தண்டனைக்குரிய மனிதக்கொலையாகி, இருபது வருடம் வரை சிறைக்குப் போகலாம்.

இந்தப் பிரிவுகளின் மூதாதையர் மெக்காலே பிரபு. இந்தியாவுக்காக 1837இல் அவர் தலைமையில் வரைந்த தண்டனைச் சட்ட நகல் 1860இல் இந்தியாவில் சட்டமானது. இருபத்து மூன்று வருடம் கழித்து ஏறக்குறைய அப்படியே இங்கு வந்து சேர்ந்தது. இந்த நாடுகளின் மக்கள் அடங்கிப் போய்க் கிடக்கிறார்கள், தற்காப்புக்குக் கட்டுப்பாடு போடுவதைவிட அவர்களுக்குத் துணிவூட்டுவதே தேவை என்பது மெக்காலேயின் குறிப்புகளில் தெரிகிற எண்ணம். வேடிக்கைதான். அதே வெள்ளையர் ஆட்சியில், அதே காலத்தில், எங்கள் மலைகளில் தோட்டத்தை விட்டு முன்னறிவித்தல் இல்லாமல் போன தொழிலாளியைச் சிறையில் அடைக்கச் சட்டம் இருந்தது. துரையின் பிரம்புக்கு முன்னால் தற்காப்புரிமையைக் கோரலாம் என்று பெரட்டுக் களத்தில் யாரும் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இனிச் சுமையைப் பற்றி. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 105ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் பொது விதிவிலக்கு ஒன்றைக் கோரினால், அதற்கான சூழ்நிலை இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அது இருக்கவில்லை என்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். தற்காப்பு அத்தகைய விதிவிலக்குகளில் ஒன்று.

இங்கிலாந்தில் 1935இல் வூல்மிங்டன் வழக்கில் பிரபுக்கள் சபை ஒரு கோட்பாட்டை நிலைநாட்டியது. இளம் பண்ணைத் தொழிலாளி ஒருவர் மனைவியைச் சுட்டதாகக் குற்றம். துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்றார் அவர். அதைத் தற்செயல் என்று நிரூபிப்பது அவர் வேலையல்ல. அது தற்செயலல்ல என்று நிரூபிப்பதுதான் அரசின் வேலை என்று சபை தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. 1957இல் லொபெல் வழக்கில் இது தற்காப்புக்கும் பொருந்தும் என்றாயிற்று. ஆகவே ஆங்கிலேயன் ஒருவன் தற்காப்பைக் கிளப்பி, அதற்கு ஓரளவு ஆதாரமும் இருந்தால், அது பொய் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசு காட்டவேண்டும்.

இலங்கையிலும் அதே கேள்வி எழுந்தது. 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் நமது குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வூல்மிங்டன் கோட்பாடு இங்கே 105ஆம் பிரிவுக்கு முன்னால் செல்லாது என்றது. சந்தேகத்தைக் கிளப்பினால் போதாது. தற்காப்பு நடந்திருக்கவே கூடுதல் சாத்தியம் உண்டு என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் நிறுவவேண்டும். பின்னர் ஜயசேன வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. கொலைக்குற்றத் தீர்ப்புப் பெற்ற அந்த மனிதரின் வாதம், சாட்சியத்தை முன்வைப்பது வரைதான் தன் பொறுப்பு, நிரூபிப்பது தன் பொறுப்பல்ல என்பது. 1969 டிசம்பரில் டெவ்லின் பிரபு வழங்கிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சட்டத்தில் நிரூபிக்க வேண்டும் என்றிருந்தால் அதன் பொருள் நிரூபிப்பதுதான் என்பது சாரம். மேன்முறையீடு தள்ளுபடியானது. பின்னர் கோமறைக் கழகத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது; அந்தத் தீர்ப்பின் நிழல் அடைபடவில்லை.

இதன் கருத்து என்னவென்று மாணவனுக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு பேர், ஒரு லயத்து அறை, சாட்சி இல்லை. ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். நீதிபதியின் மனத்தில் தராசு சரிசமமாக நிற்கிறது. அந்த மனிதர் மான்செஸ்டரில் இருந்தால் வீட்டுக்குப் போகிறார். ராகலையில் இருந்தால் அவருக்குக் கொலைக்குற்றத் தீர்ப்பு. நமது நாட்டில் அதற்கான தண்டனை மரணம். 1976க்குப் பின்னர் இங்கே தூக்கு நிறைவேற்றப்படவில்லை என்பது உண்மை. ஆனால் தூக்குத் தீர்ப்போடு சிறையில் வருடங்களை எண்ணுவதும் ஒரு வாழ்க்கைதானா?

களவுக்கோ கள்ளச் சாராயத்துக்கோ நான் இதைப் பேசவில்லை. மற்றைய விதிவிலக்குகளுக்கு இந்தச் சுமை ஓரளவு நியாயம் என்றுகூடச் சொல்வேன். அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவன் அதைக் காட்டட்டும். தற்காப்பு அப்படியான ஒன்றல்ல. பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்க நேரமிருந்தது. தாக்கப்பட்டவனுக்கு நேரம் இல்லை என்பதுதான் அவனுடைய கதையே. சாட்சி கூப்பிட அவகாசம் இருந்திருந்தால் அவன் பொலிசையே கூப்பிட்டிருப்பான். அப்போது 92ஆம் பிரிவின்படி அவனுக்கு உரிமையும் இருந்திருக்காது. சாட்சி தேட நேரமில்லாதவனுக்குத்தான் உரிமை உண்டு என்கிறது ஒரு சட்டம். சாட்சியோடு வா என்கிறது இன்னொரு சட்டம்.

இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இதே 105ஆம் பிரிவு, ஏறக்குறைய இதே சொற்களில் இருந்தது. நம்முடையது அதன் பிள்ளை. ஆனால் 1941இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் அதை வேறு விதமாக வாசித்தது. சாட்சியங்கள் முழுவதையும் பார்க்கும்போது தற்காப்பு இருந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம் எழுந்தால் விடுதலைதான் என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தர்சன் சிங் வழக்கில் இந்த உரிமையைப் பற்றிய தன் கருத்துகளைத் தொகுத்துச் சொன்னது. ஆபத்து நேரவேண்டும் என்பதில்லை, நேரும் என்ற நியாயமான அச்சம் போதும். உயிருக்குப் போராடுபவன் அடிக்கு அடி கணக்குப் பார்க்கவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் கடமையும் அவனுக்கில்லை என்பன அவற்றுள் சில. ஒரே வாக்கியத்தை இரண்டு நாடுகள் வாசித்து இரண்டு முடிவுக்கு வந்திருக்கின்றன. ஆகவே இது அல்லாஹ் விதித்த விதியுமல்ல, இலக்கணம் விதித்த விதியுமல்ல. மனிதர் தேர்ந்துகொண்ட ஒன்று.

தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். 2012 பெப்ரவரியில் மதுரையில் ஒரு தாய், குடிபோதையில் சொந்த மகளையே சீரழிக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் தன்னைக் கெடுக்க வந்தவனை அவனுடைய கத்தியாலேயே குத்திவிட்டார். இரண்டு முறையும் மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகர் தற்காப்புக்குரிய 100ஆம் பிரிவை எடுத்துக்காட்டி அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். (2024 ஜூலையில் இந்தியாவில் புதிய சட்டங்கள் வந்துவிட்டன, பிரிவுகளின் எண்கள் மாறினாலும் உரிமை தொடர்கிறது.) வாசிக்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆயினும் ஓர் உறுத்தல். அந்த இரண்டு பெண்களின் விதியும் ஓர் அதிகாரியின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாவட்டத்தில் அதே காரியத்தைச் செய்தவள் விளக்கமறியலில் இருந்திருக்கக்கூடும்.

நமது நாட்டில் அந்த நல்ல மனத்துக்கும் இடம் குறைவு. ஓர் ஆள் இறந்துவிட்டால் பொலிஸ் சந்தேக நபரை நீதவான் முன்னால் நிறுத்தும். எங்களுக்கு வலப்பனை. 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி கொலைக் குற்றச்சாட்டு உள்ளவருக்கு நீதவான் பிணை வழங்க முடியாது. மேல் நீதிமன்ற நீதிபதிதான் வழங்கலாம். மேல் நீதிமன்றம் போக சட்டத்தரணி வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு வேண்டும். நாட்சம்பளத்தில் கொழுந்து பறிக்கும் மனைவி எங்கே போவாள்? வழக்கு முடியும்வரை இழுபடுவதைவிட மனிதக்கொலை என்று ஒத்துக்கொண்டு குறைந்த தண்டனையோடு போய்விடுவது சுலபம் என்று சிலர் முடிவெடுப்பதாக ஒரு சட்டத்தரணி நண்பர் சொன்னார். தன்னைக் காத்துக்கொண்டவன், தான் குற்றவாளி என்று தானே சொல்லிவிட்டு வருகிறான்.

மொழியையும் இங்கே சேர்த்தாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் அயலில் ஒருவர், தன்னை மண்வெட்டியால் தாக்க வந்தவனின் கையில் வெட்டிவிட்டார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. "பயந்துபோய் வெட்டினேங்க" என்றார் அவர். நான் சொன்னேன். எழுதியதை எட்டிப் பார்த்தபோது வெட்டியது மட்டும் இருந்தது; பயந்தது இல்லை. அதையும் சேர்க்கும்படி கேட்டேன். "அதை உசாவியில் சொல்லிக்கொள்ளலாம் மாஸ்டர்" என்று சிங்களத்தில் பதில் வந்தது. கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன், அவருக்கு அவசரம். இரண்டு தடவை கேட்ட பிறகு ஓரத்தில் அது ஏறியது. காயம் சிறியது, விடயம் மத்தியஸ்த சபையோடு முடிந்தது. ஆனால் வெட்டுப்பட்டவன் இறந்திருந்தால்? தற்காப்பு முழுவதும் நின்றிருப்பது அந்தப் "பயந்துபோய்" என்ற ஒற்றைச் சொல்லின்மேல். சாட்சியே இல்லாதவனுக்கு முதல் வாக்குமூலம்தான் சாட்சி. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள், எங்கள் வலப்பனையும் உட்பட, 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமது மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று வாசகர்கள் கேட்பார்கள். தன் பொருளைக் காக்கும்போது கொல்லப்பட்டவர் ஷஹீத் என்ற ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பொருளைப் பறிக்க வருபவனுக்குக் கொடுக்காதே, போரிட்டால் போரிடு என்று நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்னதாக முஸ்லிம் கிரந்தத்திலும் வருகிறது. ஷாபிஈ மத்ஹபின் நூல்களில், இமாம் நவவீ (றஹ்) அவர்களின் மின்ஹாஜ் உட்பட, தாக்க வருபவனைத் தடுப்பது பற்றித் தனிப் பகுதியே உண்டு. இலகுவானதிலிருந்து தொடங்கு என்பது அதன் அடிப்படை. பேச்சால் முடிந்தால் கை வேண்டாம், கையால் முடிந்தால் தடி வேண்டாம், தடியால் முடிந்தால் வெட்டு வேண்டாம். இந்த ஒழுங்கில் நின்றவன் கையால் தாக்கியவன் இறந்துவிட்டால் பழிவாங்கலும் இல்லை, திய்யத்தும் இல்லை. உமர் (றழி) அவர்களின் காலத்தில் ஹுதைல் கோத்திரத்தாரிடம் விருந்தாளியாக வந்தவன் ஒரு பெண்ணைக் கெடுக்க முயன்றபோது அவள் கல்லால் எறிந்து கொன்றுவிட்டாள். அவனுக்கு ஒருபோதும் திய்யத் கிடையாது என்றார்கள் உமர் (றழி). திருவள்ளூர்ச் செய்தியை வாசித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பெண்தான்.

ஆனால் நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துச் சொல்வது நேர்மையல்ல. ஷாம் தேசத்தில் ஒருவன் தன் மனைவியோடு வேற்றாளைக் கண்டதாகச் சொல்லிக் கொன்றுவிட்டபோது, விடயம் அலி (றழி) அவர்களிடம் கேட்கப்பட்டது. நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் அவன் பழிக்கு ஒப்படைக்கப்பட வேண்டும் என்றார்கள். இமாம் மாலிக் (றஹ்) அவர்களின் முவத்தாவில் இது இருக்கிறது. அது தற்காப்பல்ல, வேறு விடயம். ஆயினும் கொன்றவனின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து இறந்தவனைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்ற அச்சம் அதில் தெரிகிறது. இறந்தவனும் ஒரு மனிதன். அவனுக்கு வாய் இல்லை. 105ஆம் பிரிவை ஆதரிப்பவர்களின் பலமான வாதமும் இதுதான். இதை இலேசில் தள்ளிவிட முடியாது. பகை தீர்த்துக்கொண்டு வந்து தற்காப்பு என்று சொல்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

இந்த வாதத்தின் கனம் கும்பலைப் பற்றி யோசிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. 1983இல் நான் பேசத் தெரியாத பிள்ளை. ஜூலை மாதக் கடைசியில் நுவரெலியா நகரத்துக் கடைகள் எரிந்ததை மூத்தவர்கள் சொல்லித்தான் தெரியும். 2014 ஜூன் 15இல் அளுத்கமையும், 2018 மார்ச்சில் திகனையும் நாம் கண்ட காலத்தவை. திகனையில் எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் மாண்டார். 96ஆம் பிரிவின்படி வீட்டுக்கோ கடைக்கோ தீவைக்க வருபவனைத் தடுக்க, வேறு வழியே இல்லையென்றால், உயிரை எடுக்கவும் அந்த வீட்டுக்காரருக்கு உரிமை இருந்தது. 99ஆம் பிரிவு இதைவிடத் துணிச்சலானது. தன்னைக் கொல்ல வரும் கும்பலில் பிள்ளைகள் கலந்திருந்தாலும், வேறு வழியில்லாமல் சுட்டவன் குற்றவாளியல்ல என்று அதற்கு உதாரணமே காட்டப்பட்டிருக்கிறது. கும்பலை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட சட்டம்! ஆயினும் அந்த வீடுகளில் பெரும்பாலானோர் பின்கதவால் ஓடினார்கள், பக்கத்து வீட்டுச் சிங்களவரின் அறைக்குள் ஒளிந்தார்கள். கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. ஒரு வீட்டிலிருந்து ஒரு வெட்டு விழுந்தால் மறுநாள் முழுத் தெருவும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உரிமை தனிமனிதனுடையது, விலையை ஊர் கொடுக்கிறது.

2019 ஏப்ரல் 21இன் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்கு எந்தச் சொல்லும் போதாது. அதன் பின்னர் மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கும்படி மக்களைக் கேட்டார்கள். அன்றாட வேலைக்குரியவை விலக்கு என்றும் சொன்னார்கள். எது அன்றாடக் கத்தி, எது பெரிய கத்தி என்று எங்கள் கடைத்தெருவில் நடந்த விவாதத்தை எழுதினால் அது தனிக் கட்டுரை. இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் தன் கத்திகளை வரிசையாக வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நின்றார். பத்து நாள் ஆவதற்குள், மே 12, 13ஆம் திகதிகளில், குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் கும்பல்கள் இறங்கின. ஒருவர் கொல்லப்பட்டார். ஊரடங்கு போட்டிருந்தது.

பொது அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் தற்காப்புரிமை இல்லை என்ற விதியை இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நேரம் இருந்ததா என்று மட்டும் சட்டம் கேட்கிறது. உதவி வந்ததா என்று கேட்பதில்லை.

இனி மறுபக்கம். அந்தக் கும்பல்களில் போனவர்களைக் கேட்டால் அவர்களும் தற்காப்பு என்றே சொல்லியிருப்பார்கள். 83இலும் சொன்னார்கள், 2014இலும் சொன்னார்கள். நம் இனத்தைக் காக்க வந்தோம், அவர்கள் வாள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம், முந்திக்கொண்டோம். என் மாணவன் சொன்ன அதே "முந்திக்கிட்டேன்". உலகத்தில் பெரிய கொலைகள் எல்லாம் தற்காப்பின் பெயரில்தான் நடந்திருக்கின்றன. ஆகவே, பயந்தேன் என்று சொல்பவனை நம்பிவிடுங்கள் என்று நான் கேட்க முடியாது. கதவை உடைத்தது யார், யாருடைய வாசலில் இரத்தம் சிந்தியது, ஆபத்து கண்முன்னே நின்றதா அல்லது வதந்தியில் இருந்ததா என்பவற்றைச் சட்டம் கேட்கத்தான் வேண்டும். வேறொருவன் தெருவுக்கு நடந்துபோய்த் தற்காத்துக்கொள்ள முடியாது. இதைப் பிரித்தறிய 92ஆம் பிரிவும் 93ஆம் பிரிவும் போதும்; அவை நல்ல பிரிவுகள். 105இன் சுமை இதற்கு உதவுவதே இல்லை. கும்பலில் வந்தவன் கூட்டத்தில் கரைந்துவிடுகிறான், அவனை யார் என்று நிரூபிப்பதே அரசுக்குக் கடினம். கையில் கத்தியோடு தன் வீட்டு வாசலில் தனியாக நின்றவன்தான் அகப்படுகிறான்.

உஸ்மான் (றழி) அவர்கள் ஹிஜ்ரி 35இல் தமது வீடு முற்றுகையிடப்பட்டபோது, தமக்காக வாளெடுத்து வந்தவர்களைப் போரிட வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். ஹாபிலும் தன்னைக் கொல்ல வந்த சகோதரனுக்கு எதிராகக் கை நீட்ட மறுத்ததாகக் குர்ஆன் சொல்கிறது. இவற்றை வைத்தே, உயிருக்கு வரும் தாக்குதலில் எதிர்க்காமல் இருக்கவும் அனுமதி உண்டு என்று நம் மத்ஹபின் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதிலோ எதிர்ப்பது கட்டாயம் என்றார்கள். எனக்கு இதில் பிடித்தது, எதிர்க்காமல் இருப்பதை அவரவர் தமக்காகத் தேர்ந்துகொள்ளலாம் என்பதுதான். உஸ்மான் (றழி) விட்டுக்கொடுத்தது தம் உயிரை. தன் பிள்ளையின் உயிரை விட்டுக்கொடு என்று இன்னொருவனுக்கு உபதேசிக்க எனக்கு உரிமையில்லை, நீதிபதிக்கும் இல்லை.

நான் விரும்பும் மாற்றம் பெரியதல்ல. தற்காப்பைக் கோருபவர் அதற்கு ஏதோ ஓர் ஆதாரத்தை முன்வைக்கட்டும்: உடைந்த கதவு, உடலில் காயம், முன்னர் செய்த முறைப்பாடு, அயலவர் கேட்ட அலறல். அதற்குப் பின்னர் அது தற்காப்பல்ல என்று காட்டும் வேலை சட்டமா அதிபருடையதாக இருக்கட்டும். 105ஆம் பிரிவோடு ஒரு வாக்கியம் சேர்த்தால் முடிகிற காரியம். கொலைகாரர்கள் தப்பிவிடுவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு, இங்கிலாந்து 1957இலிருந்து அப்படித்தான் நடத்தி வருகிறது, அங்கே சிறைகள் காலியாகிவிடவில்லை என்பதே பதில். நம் இலக்கியக் கூட்டங்களுக்கு வரும் சட்டத்தரணிகள் சிலர் இதை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். சட்டத் திருத்தம் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் அவர்கள்.

அதுவரை செய்யக்கூடிய ஒன்று உண்டு. ராகலை, ஹல்கரனோயா, வலப்பனைப் பக்கங்களில் இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர்கள், மௌலவிமார், கோயில் பரிபாலன சபையினர், தோட்டத்துப் படித்த பிள்ளைகள் என்று ஒரு பத்துப் பேராவது, நடுச்சாமத்தில் அழைத்தாலும் பொலிஸ் நிலையத்துக்கு வரக்கூடியவர்களாகப் பெயர் கொடுத்து வைக்கலாம். வாக்குமூலம் எழுதப்படும்போது அருகில் இருந்து, கையொப்பத்துக்கு முன்னர் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். பெயர் கொடுக்க நான் ஆயத்தம். இதுவரை இன்னும் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர்.